இதயத்தின் மேல் விழுந்த பழி

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் என் இதயத்தின் மேல் பழி விழுந்தது. குடலில் இருக்கும் புற்றுநோய்க் கட்டியை எடுக்க எல்லாம் தயார். அதற்குள் ரத்தப் பரிசோதனையில், இதயத் தசை சிதைந்தால் ஏறும் ஒரு நொதியின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். மாரடைப்பாக இருக்கலாம், சில வாரம் தள்ளிப்போடுவோம் என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை கட்டி சும்மா இருக்குமா?

என் வீட்டுக்காரர் என்னைத் தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்க விடவில்லை. ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் நான். பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்தவர்கள் எத்தனை பேர். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே நிற்காத இதயம், கட்டிலில் படுத்திருக்கும்போதா நிற்கும்?

"ஈசிஜி நல்லா இருக்கு, ஸ்கேன் நல்லா இருக்கு, நெஞ்சுவலியும் இல்ல. அப்புறம் எதுக்குத் தள்ளிப்போடணும்?" என்றேன்.

"டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? பேசாம படு."

படுக்கவில்லை. மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் படியேறிப் போனேன். இவர் கெஞ்சிக்கொண்டே பின்னால் வந்தார். மூச்சு வாங்கியது இவருக்குத்தான்.

பரிசோதனைக் கூடத்து டாக்டர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "மாரடைப்புன்னு சந்தேகம் இருக்கும்போது யாராவது படி ஏறுவாங்களா? ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நானே சொல்லிக்கிறேன். நீங்க அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பாருங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நொதி எல்லாத் தசைகளிலும் உண்டாம். இதயத்தின் பங்கைத் தனியாகக் கணக்கிடுவார்களாம். என் ரிப்போர்ட்டில் மொத்தத்தைவிட இதயத்தின் பங்கு பெரிதாக இருந்தது.

"இது எப்படி முடியும்?" என்று முணுமுணுத்தவர், மறுபடி ரத்தம் எடுத்து, இதயத்துக்கே உரிய வேறொரு பரிசோதனை செய்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

"உங்க இதயம் நல்லா இருக்கும்மா. சில புற்றுநோய்க் கட்டிங்க இதே மாதிரி நொதியை விடும். மெஷின் அதையும் இதயத்தோடதுன்னு எடுத்து ரெண்டு மடங்கா கணக்குப் போட்டுடுச்சு. இதய டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

இவர் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

"அப்ப, தன்னை வெட்டிடுவாங்கன்னு இந்தக் கட்டியே என் இதயத்து மேல பொய் சாட்சி சொல்லியிருக்கு," என்றேன். "சர்ஜன்கிட்டயும் சொல்லிடுங்க டாக்டர். நாளைக்கு முதல் ஆப்பரேஷன் என்னோடதுதான். இது இனிமே வாயைத் திறக்கக் கூடாது."