கோணல் உருளையும் பன்னிரண்டு வளையங்களும்

1.
இடது தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. காலையிலிருந்து கண்ணாடிக் குழாயைத் தூக்கித் தூக்கி எண்ணெய் போகக் கழுவியதன் பலன். வலிக்கிறபோதே இதை எழுதிவிட வேண்டும். வலி போனால் பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் வரும் தங்கை நான்தான். ‘நான்’ என்று எழுதினால் எனக்குச் சாதகமாகவே எழுதுவேன். அதனால், அவள்.

2.
முதல் தொடக்கம்: ‘சுவரின் வடிவத்தைத் திரவம் நினைவில் வைத்து...’ (அடித்துவிட்டேன். லேத் பட்டறையில் வளர்ந்தவள் இப்படிப் பேச மாட்டாள்.)

இரண்டாவது: ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஓர் எஃகு உருளை. இரண்டுக்கும் நடுவில் தீக்குச்சி நுழையும் சந்து. அதில் மினுமினுக்கும் தூள் கலந்த எண்ணெய். உருளை சுற்றினால் எண்ணெயும் சுற்றும். ஒரு வேகத்தைத் தாண்டியதும் எண்ணெய் வளையம் வளையமாகப் பிரிந்து அடுக்கி நிற்கும். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூட இயக்குநர் பார்க்க வருகிறார். காட்ட ஒன்றும் இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை.

உருளையைக் கடைந்து கொடுத்தவர் அவள் அண்ணன். திங்கட்கிழமை அளந்தாள். நேராக இல்லை; அட்டை கனத்துக்கு ஏறி இறங்கும் ஆறு அலைகள். ஆய்வுக்கூடத்தில் நாலு பேர் நிற்கக் கத்தினாள்.

“முப்பது வருஷமா லேத் ஓட்டுறே, ஒரு உருளைய நேரா கடையத் தெரியாதா?”

(இங்கே அண்ணன் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. கலங்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனார்.)

3.
செவ்வாய். வேறு உருளை இல்லாததால் அதையே மாட்டி ஓட்டினாள். கணக்குச் சொன்ன வேகத்தில் பாதிகூட வரவில்லை, அதற்குள் வளையங்கள்! அலைக்கு இரண்டு, மொத்தம் பன்னிரண்டு. நிறுத்தி ஓட்டினாள், அதே இடம். மறுபடி ஓட்டினாள், அச்சு அசலாக அதே இடம். எங்கே நிற்க வேண்டுமென்று உருளையின் அலைச் சுவரே எண்ணெய்க்குச் சொல்லியிருக்கிறது! செருப்பை உதறிவிட்டுக் குதித்தாள். எல்லோரிடமும் சொன்னாள், அண்ணனைத் தவிர. கத்திய வாய் எழும்பவில்லை.

புதன் காலை உருளையைக் காணோம். சற்று நேரத்தில் அண்ணனே அதைத் தோளில் சுமந்து வந்தார்.

“இந்தா. ராத்திரியே வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கி, கழட்டிட்டுப் போயி கடைஞ்சேன். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. இப்ப குறை சொல்லு பாப்போம்.”

“ஐயோ அண்ணே! அந்த அலைய ஏன் எடுத்தே?”

“நீதானே கோணல்னு கத்துனே?”

“அந்தக் கோணல்தான் வேணும். நாளைக்குள்ள. அப்படியே.”

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தப்பா செய்யச் சொல்லி ஆர்டர் குடுத்த மொத ஆளு நீதான். எத்தன அலை, எவ்வளவு பள்ளம்? வரைஞ்சு குடு. தப்புன்னாலும் அளவோட இருக்கணும்.”

4.
முடிவு ஒன்று: பன்னிரண்டும் நிற்கின்றன, இயக்குநர் வாய் பிளக்கிறார். முடிவு இரண்டு: பழைய கோணல் மறுபடி வாய்க்கவில்லை, அவள் பெட்டியைக்... (போதும்.) இன்று வியாழன். குழாய் கழுவியாயிற்று, பட்டறையில் லேத் ஓடுகிறது. எனக்கே தெரியாது, பிடித்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் ஒன்று மாறாது. அந்த நாலு பேர் முன்னால் அண்ணனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.