தட்டு வேறு, கரண்டி வேறு

அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு, சோதனையில் கொரோனா என்று வந்த அன்று நான் புவெனோஸ் அயர்ஸில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் எங்கள் ஊரான கொன்கோர்தியாவில், இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். நடுவில் மாகாண எல்லையை அடைத்துக்கொண்டு போலீஸ் நின்றது. ஒரே மகள் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? போனில் அதிகாரம் பண்ணினேன். அது எனக்கு நன்றாக வரும்.

அம்மா தெல்பினாவுக்கு இழுப்பு உண்டு. குளிர் தொடங்கினாலே மூச்சுக்குப் போராடுவாள். அவளுக்குத் தொற்றினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் உடைத்தே சொல்லிவிட்டார். அதனால் அப்பாவைப் பின்னறையில் தனியாக இருக்க வைத்தோம். தட்டு வேறு, கரண்டி வேறு, துண்டு வேறு. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நானும் நிம்மதியாக இருந்தேன், மடச்சி.

ஒருநாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா முகக்கவசமும் கையுறையுமாக, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி பின்னறை வாசலில் நின்றாள். கையில் மாத்தேக் குடுவை; மாத்தே எங்கள் ஊர் இலைத் தேநீர். கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, உலோகக் குழலில் உறிஞ்சினாள். மறுபடி வெந்நீர் ஊற்றிக் கதவிடுக்கில் நீட்டினாள். உள்ளிருந்து அப்பாவின் கை வந்து வாங்கியது. சர்ரென்று சத்தம். குடுவை திரும்பி வந்தது. அம்மா வெந்நீர் ஊற்றி அதே குழலில் வாயை வைத்தாள்.

"அம்மா! என்ன பண்றே நீ?"

"ஏன்டி கத்துறே? மாத்தே குடிக்கிறோம்."

"ஒரே குழல்லயா?"

"பின்னே ஆளுக்கொரு குழலா? நாங்க என்ன சண்டை போட்டுப் பிரிஞ்சா இருக்கோம்? டாக்டர் தட்டு சொன்னாரு, கரண்டி சொன்னாரு, டம்ளர் சொன்னாரு. மாத்தேயைப் பத்தி மூச்சே விடலியே!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் எனக்கும் அது தோன்றவில்லை. எங்கள் ஊரில் மாத்தே பாத்திரக் கணக்கில் சேராது. ஒரு குடுவை, ஒரு குழல், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வாய். தனியாகக் குடிக்கிறவனைப் பார்த்தால் ஐயோ பாவம் என்போம்.

கெஞ்சினேன், மிரட்டினேன், அழுதும் பார்த்தேன். அம்மா மசியவில்லை.

"கல்யாணமான மறுநாள்லேருந்து நான்தான் ஊத்திக் குடுக்கிறேன். இப்பக் கையை இழுத்துக்கிட்டா அந்த மனுசன் என்ன நினைப்பாரு? நான் பொழைக்க மாட்டேன்னு இவளே முடிவு கட்டிட்டான்னு நினைக்க மாட்டாரா? போடி."

போனை வைத்துவிட்டாள். உடனே அப்பாவின் போனுக்கு அடித்தேன். பேச்சைவிட இருமல்தான் அதிகம் வந்தது.

"அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ குடுத்தா வேணாம்னு சொல்லுங்க. அம்மாவுக்கு வந்தா தாங்க மாட்டா."

"வேணாம்னா விடுவாளா? வாயில ஊத்திட்டுத்தான் போவா," என்றார். "நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். கோபத்தில் அவளுக்கு வார்த்தை தடுமாறியது.

"உங்கப்பனுக்குக் கொழுப்பைப் பாத்தியா? ஒரு வாய் உறிஞ்சிட்டுத் துப்பிட்டாருடி! பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்காம். இன்னிக்கு மட்டுமில்லையாம், கல்யாணமான நாள்லேருந்தே அப்படித்தானாம். பாவம்னு குடிச்சாராம்! கதவைச் சாத்தித் தாப்பாளும் போட்டுட்டாரு. கெடக்கட்டும். சாப்பாட்டை வாசல்ல வைப்பேன், அவ்வளவுதான். இனி அந்த ரூம் பக்கம் போனா என் பேரு தெல்பினா இல்லே."

சற்று நேரத்தில் அப்பாவே கூப்பிட்டார். "திட்டினாளா?" என்றார், லேசாகச் சிரித்தபடி.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? அழறா."

"வேற எதுக்கும் அவ மசிய மாட்டா, கண்ணு. எனக்கு நாக்குல ஒண்ணுமே தெரியல. உப்பும் சர்க்கரையும் ஒண்ணுதான் இப்ப. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சா கதவை ஒடைச்சுக்கிட்டு வந்துருவா."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி ஆம்புலன்ஸ் வந்தது. அம்மா என்னை வீடியோவில் கூப்பிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் விலகியே நின்றாள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அப்பா அவள் பக்கம் கையைத் தூக்கினார். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"எலியானா, நீயும் என் கையால மாத்தே குடிச்சு வளந்தவதானே," என்றாள். "நெஜத்தைச் சொல்லு. அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

வண்டிக்குள் அவரை ஏற்றிவிட்டார்கள். கதவு இன்னும் திறந்தே இருந்தது. உண்மையைச் சொன்னால் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் இந்தக் கோபத்தோடேயே அவரை அனுப்பிவிடுவாள், ஒருவேளை கடைசியாக.

"ஆமாம்மா," என்றேன். "அப்பா சொன்னது சரிதான்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டிக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் எனக்குக் கேட்டது.