வாசல் சத்தம்

மத்தியானம் இரண்டு மணிக்கு மணிமொழியின் வேலை தொடங்கும். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனி குரல் பதிவுகளை அனுப்பும். அவள் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். கேட்பது புரியவில்லை என்றால் ஊகித்து எழுதக் கூடாது. 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டு மேலே போக வேண்டும். ஆறு மணி வரை இணைப்பு அறுபடக் கூடாது. இது பழகும் மாதம். மாதக் கடைசியில், வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வார்கள்.

அன்றும் இரண்டு மணிக்கு முன்பே டேட்டா தீர்ந்திருந்தது.

வீடு கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலைப்பக்கம் போகும் வழியில், கரும்புக்கு நடுவே இருக்கிறது. கேபிள் இழுக்க வந்தவர்கள் ஊரோடு நின்றுவிட்டார்கள். நாலு வீட்டுக்காகக் கம்பம் நட முடியாது என்றார்கள். அதனால் சிம் போட்ட வைஃபை பெட்டி. அதை ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டியிருந்தார்கள். டவர் இருப்பது அணைப் பக்கம், அந்த ஜன்னலுக்கு நேரே. வேறெங்கே வைத்தாலும் எடுக்காது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு. தீர்ந்தால் நள்ளிரவு வரை நெட் ஊரும். கூடுதலாக டேட்டா போட்டுப் பார்த்தாள். அதுவும் போனது.

அவள் போனில் இருந்த சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் பேசலாம். ஏறி மலர்விழியைக் கூப்பிட்டாள். மலர்விழிதான் அவளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர்.

"மறுபடியும் லைனா, மணிமொழி?"

"ஆமாங்க மேடம். காலைல பாத்தப்போ நிறைய இருந்துது."

"காலைல இருந்தது எனக்கு எதுக்கும்மா? உங்க டைப்பிங் நல்லா இருக்கு. அது எனக்குத் தெரியும். மேல இருக்கறவங்க, யாரு லைன்ல இருந்தாங்க, யாரு இல்லன்னுதான் பாப்பாங்க. வெள்ளிக்கிழமை நான் லிஸ்ட் அனுப்பணும்."

தொட்டியிலிருந்து இறங்கினாள். காலையில் மீதியைப் பார்ப்பதோடு சரி, லேப்டாப்பில் வேறெதையும் அவள் திறப்பதில்லை. மாமியார் தைலம்மாளிடம் இருப்பது பட்டன் போன்; வேறு கம்பெனி சிம், கூப்பிட்டால் பேச மட்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை.

இளவரசன் சாயங்காலம் அந்தப் பட்டன் போனுக்குக் கூப்பிட்டான். அவள் கணவன் மஸ்கட்டில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். இரவெல்லாம் அடுப்பு. பகலில் தூக்கம். வைஃபை பெட்டியும் வாசல் கேமராவும் போன லீவில் அவன் வாங்கி மாட்டியவை. அந்த வருஷம் பக்கத்துக் கொல்லைகளில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போனார்கள். மோட்டார் கொட்டகை, மாடு, துவைகல் மூன்றும் கேமராவில் தெரியும்.

"நெட்டு எங்க போவுதுன்னே தெரியலீங்க" என்றாள்.

"சித்தப்பா வூட்டுல இழுப்பாங்க. வேற யாரு?"

"ஷாலினி சாயந்தரம் சீரியல்தான் பாக்கும்."

"பகல்ல இன்னா பாக்குதுன்னு உனக்குத் தெரியுமா? பாஸ்வேர்டை மாத்து மொதல்ல."

சித்தப்பா வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். சித்தப்பா இப்போது உயிரோடு இல்லை. அவர் மனைவி கொளஞ்சியம்மாளும் அவள் மருமகள் ஷாலினியும் இருந்தார்கள். ஷாலினி இந்தப் பக்கம் வந்து சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பாள். பாஸ்வேர்டு மாட்டின் பெயர். கேட்டபோது சொன்னார்கள். மோர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. இதையும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

மணிமொழி பாஸ்வேர்டை மாற்றினாள்.

காலையில் ஷாலினி வந்தாள்.

"அக்கா, வைஃபை சுத்திக்கினே இருக்குது."

"மாத்திட்டேன் ஷாலினி. அவருதான் மாத்தச் சொன்னாரு."

"ஓ" என்றாள் ஷாலினி. புதியது என்ன என்று கேட்கவில்லை. போய்விட்டாள்.

சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள் கோழிகளிடம் பேசினாள்.

"மாட்டுப் பேரையே மாத்திட்டாங்களாம்டி. நாளைக்கு நம்ம மூஞ்சைப் பாத்து, நீங்க எந்த ஊருன்னு கேப்பாங்க."

தைலம்மாள் மருமகளைப் பார்த்தாள். 

அன்று இரண்டு மணிக்கு டேட்டா இருந்தது. ஆறு மணிக்கும் இருந்தது. அப்படியென்றால் இழுத்தது சித்தப்பா வீடுதான். மணிமொழிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அவ்வளவு நிம்மதியாக இல்லை. ஷாலினி பகலெல்லாம் களை எடுக்கப் போகிறவள். எப்போது பார்த்தாள்?

சாயங்காலம் இளவரசன் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டான். காலையிலிருந்து கேமரா தெரியவில்லை என்றான். மோட்டார் கொட்டகை என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"கொட்டா எங்கயும் போவல, இங்கதான் நிக்குது" என்றாள் தைலம்மாள்.

மணிமொழிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாஸ்வேர்டை மாற்றினால் கேமராவுக்கும் புதியதைக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். கேமராவின் சிறிய நீல விளக்கு எரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. ஒரு மணிக்கே டேட்டா இல்லை.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அது எப்போதும் சூடுதான்.

"அத்தே, பாஸ்வேர்டு யாருக்காச்சும் சொன்னீங்களா?"

"எனக்கு இன்னா வேர்டு தெரியும்? ஏபிசிடி தெரிஞ்சிருந்தா உங்க மாமனாரை ஏன் கட்டிக்கினேன்?"

"கொளஞ்சி சின்னத்தை வந்து கேட்டாங்களா?"

"அவ எம்மூஞ்சைப் பாத்தே ரெண்டு நாளாவுது. கரும்பு ஒடிக்கப் போனா எப்பவும் என்னைக் கூப்ட்டுக்கினுதான் போவா. இன்னிக்குத் தனியாப் போறா. நல்லா மாத்தின."

மணிமொழி மறுபடி தொட்டி மேல் ஏறினாள். மலர்விழி இந்த முறை கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நாளைக்கு ஒரு நாளாவது முழுசா இருங்க. நான் பேசிப் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கேமரா கண்ணில் பட்டது. நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அது அப்படி எரிந்து பலமுறை பார்த்திருக்கிறாள். அதன் சுபாவம் என்று விட்டுவிட்டாள்.

ஷாலினிக்கு வைஃபை இல்லாத அன்று டேட்டா மிஞ்சியது. அதே நாளில் கேமராவுக்கும் வைஃபை இல்லை.

ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். லேப்டாப்பில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தாள். மீதி எவ்வளவு என்று அதில் காட்டும். வேறு எதையும் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் குறைந்தது. மறுபடி குறைந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. குறைந்துகொண்டே இருந்தது.

வெளியே போய்க் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பி வந்து பார்த்தாள். எண் நின்றிருந்தது.

வைஃபையில் அவள் போன் அடித்தது. இளவரசன்.

"கேமரா இன்னா ஆச்சு?"

"நீங்க தூங்கலியா?"

"தூங்கினுதான் இருந்தேன்."

"தூங்கறவருக்குக் கேமரா போனது எப்டித் தெரிஞ்சிது?"

பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது.

"சத்தம் நின்னுபோச்சு."

அவளுக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். ரூமில் பகலில் அவன் மட்டும்தான். ஏசி சத்தம் ஒன்றுதான். அதில் தூக்கம் பிடிக்காது. கேமராவைத் திறந்து போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வான். மாடு கத்தும். அம்மா கோழியை விரட்டுவாள். மோட்டார் ஓடும். தூக்கம் வந்துவிடும். எழுந்திருக்கிற வரை அது ஓடும்.

"எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"அதுலதான் நெட்டு போவுதுங்க."

"எப்டிப் போவும்? நான் இங்க என் நெட்டுலதான பாக்கறேன்?"

"வாய்க்கால்ல பாயுற தண்ணி கெணத்துலேருந்துதான வரணும். அங்க நீங்க தொறந்தா இங்க வெளக்கு விட்டு விட்டு எரியுது, நெட்டும் எறங்குது."

 "அது எனக்குத் தெரியாது மணி" என்றான். குரலைக் கேட்டால் நிஜமாகத்தான் தெரியாது போலிருந்தது. "சித்தி வூட்டை வேற சொல்லிட்டேன்" என்றான்.

மணிமொழி துவைகல்லைப் பார்த்தாள். அது கேமராவுக்கு நேர் எதிரே இருந்தது. போன வாரம் அங்கே உட்கார்ந்து பாத்திரம் துலக்கியபடி ஷாலினியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அவரு இல்லாம இருக்கறதே பழகிப்போச்சு ஷாலினி. வந்தாத்தான் கஷ்டம்" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

"நாங்க பேசறதெல்லாம் கேக்குமா?"

"கேக்கும். நான் இன்னா, காது குடுத்தா கேக்கறேன்? அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும்."

"போன வாரம் ஷாலினிகிட்ட நான் இன்னா சொன்னேன்?"

"எனக்கு எப்டித் தெரியும்?"

அந்தப் பதில் உடனே வந்ததா, கொஞ்சம் கழித்து வந்ததா என்று பிறகு யோசித்தாள். அந்த லைனில் எல்லாப் பதிலும் கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

"இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் கேமரா வேணாங்க. இன்னிக்கு லைன் போச்சுன்னா வேலை இல்ல."

"சரி."

"தூக்கம்?"

"பாத்துக்கலாம்."

போனை வைத்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் நிற்கிறவன் தூங்காமல் போகக் கூடாது. சத்தம்தான் வேண்டும் என்றால் சத்தத்தை அனுப்பலாம். குரல் பதிவு எவ்வளவு சிறியது என்று அவளுக்குத் தெரியும். தினமும் அதைத்தான் வாங்கி அனுப்புகிறாள்.

போனில் ரெக்கார்டரைத் தட்டித் துவைகல் மேல் வைத்தாள். மாடு கத்தியது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ரோட்டில் போனது. தைலம்மாள் கோழியைத் திட்டினாள். மோட்டார் ஓடி நின்றது. மணிமொழி வேலைகளைச் செய்தாள். வாய் திறக்கவில்லை. தைலம்மாள் ஏதோ கேட்டபோது கையால் பதில் சொன்னாள்.

"வாய்ல இன்னா, வெத்தலையா?" என்றாள் தைலம்மாள். அதுவும் பதிவானது.

அனுப்பினாள். அவன் பக்கம் போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. மீதியைப் பார்த்தாள். எண் அசைந்ததாகவே தெரியவில்லை.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தாள். வந்ததெல்லாம் யாரோ யாரோடோ பேசிய பதிவுகள். ஒரு ஆள் பம்பு செட்டுக்குக் கடன் கேட்டார். ஒரு பெண் பஸ்ஸில் விட்ட பையைப் பற்றி விசாரித்தாள். மணிமொழி கேட்டாள், தட்டினாள், அனுப்பினாள். லைன் ஒருமுறைகூட அறுபடவில்லை. ஆறு அடித்ததும் மலர்விழியின் செய்தி வந்தது. இன்று முழுவதும் இருந்தீர்கள், லிஸ்ட்டில் பெயர் சேர்த்துவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் நிரந்தரம் என்று இருந்தது.

இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோது இளவரசன் கூப்பிட்டான். வேலைக்குக் கிளம்பப் போகிறான்.

"தூங்கினீங்களா?"

"ம். நீ அனுப்புனதைப் போட்டுக்கினு படுத்தேன்."

"தூக்கம் வந்துதா?"

"வந்துது." கொஞ்சம் இடைவெளி. "அதுல நீ பேசவே இல்லியே."

அவள் என்ன சொல்வது என்று பார்ப்பதற்குள் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான். வேலை விஷயத்தை அவள் இன்னும் சொல்லவில்லை.

நீ பேசவே இல்லையே. அவள் குரல் இல்லாமல் அவனுக்கு ஒரு குறை இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்கத்தான் இத்தனை நாளும் என்று எடுத்துக்கொள்ளலாம். சொன்ன விதத்தை வைத்துப் பார்க்க முயன்றாள். மெதுவாகத்தான் சொன்னான். மெதுவாகச் சொல்வது எதற்கும் பொருந்தும். வேலையில் என்றால் 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷாலினி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மணிமொழி போய் எட்டிப் பார்த்தாள்.

"ஷாலினி, பாஸ்வேர்டு சொல்றேன், போட்டுக்கோ. தப்பு எங்க மேலதான். கேமராதான் இழுத்துக்கினு இருந்துது."

"இருக்கட்டுங்க்கா" என்றாள் ஷாலினி. "நான் போனுக்கே ரீசார்ஜ் பண்ணிக்கினேன். அங்க வரப்பு மேல நின்னா நல்லா எடுக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒயர் திருடர்கள் இருட்டினால்தான் வருவார்கள். கேமரா வேண்டும். மணிமொழி பிளக்கைச் செருகினாள். நீல விளக்கு எரிந்தது. நிலையாக எரிந்தது. அவள் நகரவில்லை. சற்று நேரத்தில் அது விட்டு விட்டு எரியத் தொடங்கியது. பஸ்ஸிலிருந்து பார்க்கிறான்.

தைலம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மணிமொழி வாசல் நடுவில் போய் நின்றாள். கேமராவைப் பார்க்கவில்லை.

"அத்தே, எனக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு."

தைலம்மாள் வாளியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆவட்டும், நல்லதுதான். பக்கத்துலதான நிக்கிறேன்? எதுக்கு இம்மாஞ் சத்தம்?"