கொட்டைக்கரந்தை பூத்த குட்டை

அடையாறில் வீடு கட்டப்போகும் ஒரு மனையின் மூலையில் சிறிய குட்டை இருந்தது. மழைநீர் வற்றியதும் அதன் சேற்றில் கொட்டைக்கரந்தை முளைத்து, ஊதா உருண்டைகளாகப் பூத்திருந்தது. ஒரே பருவம் வாழும் செடி அது. விதை முற்றாமல் அழிந்தால் அங்கே மறுபடி முளைக்காது.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் சிம்ரா அந்தச் செடிகளைப் பார்க்க ஒருநாள் வந்தபோது, மண் நிரப்ப ஜேசிபி குட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“நகரும்மா! வண்டி வழுக்கிக்கினு வருது!” என்று ஓட்டுநர் அலறினார்.

வண்டி சறுக்கி, அவள் முகத்துக்கு நேரே அதன் இரும்புக் கை வந்து நின்றது. ஆனாலும் சிம்ரா நகரவில்லை.

பொறியாளர் பரத்வாஜ் பதறி வந்தார். “ஒரு களைக்காக உயிரை விடுவீங்களா மேடம்?”

“விதை முத்தற வரைக்கும் விடுங்க சார்.”

“முடியாது. இன்னைக்கே மூடியாகணும்.”

“அப்போ தோண்டி எடுத்துக்கவாவது விடுங்க.”

அவர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சீக்கிரம்” என்றார்.

அவள் வெறுங்கையால் சேற்றோடு செடிகளைப் பெயர்த்தாள். பாதிதான் முடிந்தது, அதற்குள் மண் கொட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கல்லூரிக் குளத்தோரம் நட்டவற்றில் பல வாடின. நான்கு செடிகள் மட்டும் பிழைத்து விதை உதிர்த்தன.