நாலடி வாசல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் வீட்டுச் சமையலறைச் சுவர் ஓதம் ஏறி உப்பிக்கிடந்தபோது, பூச வந்த கொத்தனார் அருள்தாஸ் வேலையோடு வேலையாகச் சொன்னது. அவர் மனப்பாரம் இறங்கச் சொன்னார். நான் கதை கிடைத்த சந்தோஷத்தில் கேட்டேன். அந்த அற்பத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலேறி வந்தபோது ஞானம்மா

(வேண்டாம். கொடைக்கானல் என்றதும் பனியை இறக்கிவிடுகிறோம். ஞானம்மாவுக்குப் பனி என்றால் வழுக்கும் படி.)

புற்றுநோய் என்பது ஒரு

(இதுவும் வேண்டாம். அது நோய், அவ்வளவுதான்.)

சரி, இப்படி: ஞானம்மாவுக்கு வீட்டுக்குள் ஒரு கக்கூஸ் வேண்டும்.

3

வயது நாற்பத்தொன்பது. மார்பில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்கு இறங்கி ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். நான்கு முடிந்தது, இன்னும் நான்கு. ஊசி போட்ட வாரம் முழுக்க வயிறு அவள் சொல்பேச்சுக் கேட்காது. கக்கூஸோ வீட்டுக்குப் பின்னால் பதினோரு படி கீழே இருக்கிறது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் ஐந்தாம் படியிலேயே எல்லாம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ஷர்மிளா பார்த்தும் பார்க்காததுபோலத் துணி காயப்போட்டாள். அந்தப் பெருந்தன்மையை ஞானம்மாவால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கணவர் சுந்தரராஜ் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். "அஞ்சாவது ஊசிக்குள்ள உள்ளயே கட்டிருவோம்" என்றார். சொன்னபடி செங்கல்லும் மணலும் சிமெண்டும் வந்து இறங்கின. அருள்தாசும் வந்தார். வந்தவர் கக்கூஸ் கட்டவேண்டிய படுக்கையறை மூலைக்குப் போகவில்லை. முன்வாசல் நிலையைப் பெயர்த்தார்.

"ஏங்க, கக்கூஸுக்கு வாங்குன சிமெண்டுதான இது?"

"மொதல்ல வாசல அகலமாக்கிருவோம். பீரோ ஒண்ணு சொல்லியிருக்கேன். பெருமாள்மலையில புது நிலைக்கும் சொல்லியாச்சு."

வாசலுக்குப் போனால் கக்கூஸுக்குச் சிமெண்ட் மிஞ்சாது. அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

4

(சுந்தரராஜைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை வேகமாக ஓடியது. அருள்தாஸ் சொன்ன ஒரு விஷயம் அதைக் கெடுத்துவிட்டது.)

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, வந்து சேர்ந்த குடும்பம் அது. இங்கும் குளிருக்குப் பயந்து இரண்டரை அடி வாசல்தான் வைத்தார்கள். சுந்தரராஜின் அம்மா இறந்தபோது பெட்டி* அந்த வாசலில் திரும்பவில்லை. சாய்த்து, ஏறக்குறைய நிமிர்த்தி வெளியே எடுத்தார்கள். உள்ளே தலை போய்ப் பலகையில் முட்டிய சத்தம் வெளியே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு சுந்தரராஜ் அந்த வாசலில் நின்று பேசுவதே இல்லை.

(* பெட்டி என்று மட்டும் சொன்னால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் விளங்கும். உங்களுக்கும் விளங்கியிருக்கும்.)

5

அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவளுக்கு முன்வாசல் பேச்சு கேட்டது.

"எத்தன அடி வைக்கண்ணே?"

"நாலு. ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சா நேரா போகணும். சாய்க்கக் கூடாது."

பீரோவை யாரும் அப்படித் தூக்குவதில்லை. ஞானம்மா கஞ்சியைக் கீழே வைத்தாள். டாக்டர் இன்னும் கைவிரிக்கவில்லை, புருஷன் விரித்துவிட்டார். அன்பினால்தான் செய்கிறார் என்பது புரிந்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாரே என்று இருந்தது.

6

முடிவுகள்.

அ) சுந்தரராஜ் அழுகிறார், அவள் தேற்றுகிறாள். (கொத்தனார் முன்னால் அவர் அழமாட்டார். தேற்றுவதற்கு அவளிடம் தெம்பும் இல்லை.)

ஆ) குணமாகி, அகல வாசல் வழியாக நிஜமாகவே ஒரு பீரோ வருகிறது. (உங்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே வெட்டினேன்.)

இ) பெட்டி நேராகப் போகிறது. (இதை எழுத ஒரு வரி போதும். நோயாளிகளைக் கொன்று கதை முடிக்கும் சோம்பேறித்தனம் எனக்கும் உண்டு. இந்த முறை வேண்டாம்.)

7

அருள்தாஸ் கலவை குழைத்துச் சட்டியில் அள்ளிவிட்டார். ஞானம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போய்ப் படுக்கையறை மூலையில் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, அத இங்க கொண்டாங்க."

"அக்கா, இது வாசலுக்குக் கொழச்சது."

சுந்தரராஜ் அவள் பக்கம் திரும்பாமல் பேசினார். "அம்மாவ எப்படித் தூக்குனோம்னு நீயும் பாத்தல்ல."

"பாத்தேன். அவங்க ஒண்ணும் கொற சொல்லலையே."

அவளே தொடர்ந்தாள். "செத்த பெறகு என்னச் சாச்சுத் தூக்குங்க, நிமித்தித் தூக்குங்க. எனக்குத் தெரியப்போறதில்ல. இப்ப நடந்து போற தூரத்துல எனக்கு ஒரு கக்கூஸ் வேணும்."

சுந்தரராஜ் வாசலைவிட்டு நகரவில்லை. "ஏலே அருளு, வெரசா கொண்டா. கலவ இறுகிரும்."

அருள்தாஸ் சட்டியோடு நடுவீட்டில் நின்றார். கூலி தருகிறவர் ஒருபக்கம், அக்கா ஒருபக்கம். எந்தப் பக்கம் போனார் என்று என்னிடம் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரம் ஒரு பெண்ணின் வயிற்றுப்போக்கை உட்கார்ந்து வாசித்தீர்கள், கொஞ்சம் கை அழுக்காகட்டும்.

சட்டியைப் பிடியுங்கள். கனமாகத்தான் இருக்கும். நாளை மறுநாள் அவளுக்கு ஐந்தாவது ஊசி.