இடைவெளி விட்டு நிற்கவும்

என் கணவர் சரக்கு ரயில் ஓட்டுகிறவர். போனால் இரண்டு வாரம் ஆளையே பார்க்க முடியாது. அப்படிப் போனவர், நேரம் காலம் தெரியாமல், மூக்கு ஒழுக ஒழுக வாசலில் வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்த வாரக் கடைசியில் எனக்குக் குரல் தேர்வு. ரயில் நிலைய அறிவிப்புகளைப் படிக்க ஆள் எடுக்கிறார்கள். அதுவரை ஒரு சோப்பு விளம்பரத்தில் சிரித்ததுதான் நான் கிழித்தது. இது கிடைத்தால் அவர் ஓட்டுகிற பாதை முழுக்க என் குரல் கேட்கும். அந்த ஆசை எனக்கு வெறியாகவே பிடித்திருந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் நாத்தனார், அண்ணனை மாடி அறைக்குத் துரத்திவிட்டுத் தட்டு, தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க மாடிப்படியே ஏறக் கூடாது."

"நான் எதுக்கு ஏறப் போறேன்?"

"எனக்குத் தெரியாதா உங்களை? முத்தம் குடுத்தாத்தான் சளி ஒட்டும்னு நினைக்காதீங்க. பக்கத்துல படுத்து மூச்சு விட்டாலே போதும்."

"ச்சீ, பேச்சைப் பாரு!" என்றேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவள் கடைக்குக் கிளம்பியதும், வெந்நீர் கொடுக்கிற சாக்கில் மாடி ஏறினேன். மாஸ்க் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"நீயும் ஒரு மாஸ்க் போட்டுக்கோ. ஜன்னலைத் தொறந்து வச்சுக்கலாம். ஒண்ணும் ஆகாது."

"ஜன்னலையா? எதிர் வீட்டுக்காரர் பாக்கறதுக்கா?"

கடைசியில் ஜன்னலைத் திறந்து திரையை இழுத்துவிட்டோம். உதட்டுக்குச் சிவப்பு சிக்னல் என்று ரயில்காரர் விதி போட்டார். முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொள்வதாக ஏற்பாடு. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவர் மாஸ்க்குக்குள் ஏதோ முணுமுணுத்தார். ஒரு எழவும் புரியவில்லை. நான் குரலை வைத்துப் பிழைக்க நினைப்பவள். வார்த்தையை மென்று முழுங்கினால் எனக்கு ஆகவே ஆகாது.

"என்ன சொன்னீங்க? தெளிவா சொல்லுங்க!" என்று அவர் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன்.

"உன் குரலைக் கேக்காம தூக்கமே வரலடி" என்றார்.

அதற்கு அப்புறம் சிக்னலாவது, விதியாவது! என் மாஸ்க் எந்தப் பக்கம் பறந்தது என்றே தெரியாது.

தேர்வு அன்று மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தால் தும்மல்தான் வந்தது. தொண்டை கட்டி, மூக்கு அடைத்து, "நடைமேடை" என்ற வார்த்தையே யாரோ கழுத்தை நெரித்தமாதிரி கேட்டது. வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. நடைவழியில் நின்று அழுதேன். அவர் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

அப்போது தேர்வு அதிகாரி ஒரு தாளோடு ஓடி வந்தார்.

"அம்மா, கிளம்பிடாதீங்க. இதை மட்டும் படிச்சுட்டுப் போங்க. இந்தக் குரல்ல சொன்னாத்தான் ஜனங்களுக்குப் பயம் வரும்."

"சளி, இருமல் உள்ளவர்கள் முகக்கவசம் அணியவும். இடைவெளி விட்டு நிற்கவும்" என்று இருந்தது. எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் படித்தேன். எல்லா நிலையத்திலும் போட அதைப் பதிவு செய்துகொண்டார்கள்.

வீட்டில் நாத்தனார் என் மூக்கைப் பார்த்தாள், அண்ணன் மூக்கைப் பார்த்தாள். "வெந்நீர் குடுக்கத்தானே போனீங்க அண்ணி?" என்றாள். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

சளி விட்டு அவர் வேலைக்குப் போன பிறகு ஏதோ ஒரு நிலையத்திலிருந்து போன் செய்தார்.

"வண்டி நிக்கற எடத்துல எல்லாம் தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு என்னையே திட்டற மாதிரி இருக்கு."

"என் குரலைக் கேட்டாச்சு இல்ல? இனிமே தூக்கம் வருமா?"

"எங்க வருது? கேக்கக் கேக்க வீட்டுக்கு ஓடி வரணும்னுதான் தோணுது."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"வாங்க" என்றேன். "மூக்கு ஒழுகாம வாங்க."