இடது கையால் எழுதிய அட்டை

காறையெலும்பு முறிந்தவளுக்குக் கார் பெல்ட் போட்டுவிடுவதில் க்ளோவிஸ் தேர்ந்துவிட்டான். வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டை நாலாக மடித்து ஓடீலின் வலது தோளில் வைப்பான். அதன்மேல் பெல்ட்டை இழுத்து, வலிக்காமல் கொண்டுபோய் இடுப்புப் பக்கம் செருகுவான். க்ளிக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவான். ஆறு வாரமாக ஆஸ்பத்திரிக்கும் மாதா கோயிலுக்கும் அவளை இப்படித்தான் கூட்டிப்போகிறான். பதினொரு வருஷம் ஒரே ரோந்து வண்டியில் சண்டை போட்டுக்கொண்டே சுற்றியவர்கள் இதற்கெல்லாம் நன்றி சொல்லிக்கொள்வதில்லை.

"துண்டுல வெங்காய நாத்தம் அடிக்குது," என்றாள் ஓடீல்.

"எங்கம்மா சமையல்கட்டுத் துண்டு. மரியாதையாப் பேசு. வரும்போது பாலத்தடி கடையில பூடேன் உன் செலவு, ஞாபகம் இருக்கட்டும்."

"போன தடவையும் என் செலவுதான்."

"போன தடவை உனக்கு ரெண்டு கையும் நல்லா இருந்துச்சு. அதெல்லாம் கணக்குல வராது."

அரிசியும் பன்றிக்கறியும் திணித்த அந்தச் சூடான பூடேனுக்காக இந்த மனுஷன் எமனையே காக்க வைப்பான் என்று ஓடீல் நினைத்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் அரசு வக்கீல் போனில் சொன்னதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

தெரன் அவளை அடித்து ஆறு வாரம் ஆகிறது. பெல் ரிவியர் ஊரில் தெரனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐம்பது வயது, தனிக்கட்டை, மாத்திரை சாப்பிட்டால் தங்கமான மனுஷன். அம்மா செத்ததிலிருந்து மாத்திரை தருவதற்கு ஆளில்லை. வீட்டு முற்றத்தில் நின்று கத்துகிறான் என்று பக்கத்து வீட்டார் போன் செய்ய, அன்று க்ளோவிஸ் லீவு என்பதால் ஓடீல் தனியாகப் போனாள். க்ராஃபிஷ் என்கிற ஆற்று இறாலை வேகவைக்கும்போது கிண்டுகிற பெரிய மரத்துடுப்பால் அவள் தோளில் ஒரே அடி. "உங்க எல்லாரையும் வெறுக்கிறேன்! போலீஸ்காரங்க எல்லாரையும்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான். கத்தியது அவளுடைய அறிக்கையில் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதுதான் இப்போது தலைநகரம் வரைக்கும் போய்விட்டது.

போலீஸ்காரரை, போலீஸ்காரர் என்பதற்காகவே தாக்கினால் அதை வெறுப்புக் குற்றமாகக் கணக்கிட்டு, தண்டனையோடு இன்னும் ஐந்து வருஷம் சேர்க்க வேண்டும் என்று ஒரு மசோதா. அதன்மேல் இன்று தலைநகர் பேட்டன் ரூஜில், சட்டசபைக் குழுவின் விசாரணை. ஓடீல் சாட்சி சொல்ல வேண்டும், முழுச் சீருடையில் வர வேண்டும் என்பது அவர்கள் தலைமை அதிகாரியின் உத்தரவு. மசோதா சட்டமானாலும், அதற்கு முன்பே நடந்துவிட்ட தெரனின் வழக்குக்கு அது பொருந்தாது. ஆனால் வக்கீல் வேறொரு கதவின் சாவியை அவள் கையில் கொடுத்திருந்தார். "அவரை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா, ஜெயிலுக்கு அனுப்பலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன். நாளைக்கு நீங்க சொல்றதை நானும் வந்து கேக்குறேன். அவர் வெறுப்புலதான் அடிச்சார்னு நீங்களே சபையில சொல்லிட்டா, அப்புறம் ஆஸ்பத்திரிப் பேச்சை நான் எடுக்க முடியாது."

இதைக் க்ளோவிஸிடம் எப்படிச் சொல்வது? அவன் தம்பி ரேமண்டும் போலீஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் நட்டநடு மதியத்தில், நிறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒருவன் வந்து சுட்டுவிட்டுப் போனான். அந்த வண்டியில் யார் இருந்தாலும் சுட்டிருப்பான். அன்றிலிருந்து இந்த மசோதா ஒன்றுதான் க்ளோவிஸுக்கு உயிர்.

சபைக் கட்டடத்தின் நடையில் ஒரு மேசை. பேச வந்தவர்கள் அங்கே அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதரிப்பவருக்குப் பச்சை, எதிர்ப்பவருக்குச் சிவப்பு, தகவல் மட்டும் சொல்ல வந்தவருக்கு வெள்ளை. வெள்ளையை யாரும் தொடுவதில்லை போலிருக்கிறது, கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. ஓடீலுக்கு எழுதுகிற வேலையே இல்லை. தலைமை அதிகாரி எல்லாருக்கும் பச்சையில் எழுதி முன்னமே கொடுத்துவிட்டார்.

மேசை ஓரத்தில் ஒரு பெண் சிவப்பு அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தாள். தெரனின் அக்கா லியோன்டீன். ஓடீலைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"மிஸ் ஓடீல்... கண்ணாடியைப் பஸ்ஸுல விட்டுட்டேன். இவங்க கிட்டக் கேக்க வெக்கமா இருக்கு." குரல் இறங்கியது. "உங்களைக் கேக்கக் கூடாதுதான்."

ஓடீல் அட்டையை வாங்கினாள். வலது கை தூக்குக்கட்டில் தொங்க, இடது கையால் எழுதினாள். கோழி கிளறின மாதிரி எழுத்து. பெயர், ஊர், எதிர்க்கிறேன் என்ற கட்டத்தில் ஒரு கோடு. எழுதி முடித்து நிமிர்ந்தபோது எதிரில் க்ளோவிஸ் நின்றிருந்தான்.

"யாருக்கு எழுதிக் குடுக்குற?" என்றான் மெதுவாக.

"கண்ணாடி கொண்டு வரல அவங்க."

"அவ தம்பிதான் உன் எலும்ப உடைச்சான்."

"தெரியும் க்ளோவிஸ். எலும்பு எங்கிட்டதான இருக்கு."

அவன் திரும்பி நடந்தான். உள்ளே போய், அவளுக்கு இடம் பிடித்து வைக்காமல் உட்கார்ந்தான்.

முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். தம்பி கையில் பாதி சாண்ட்விச் இருந்ததைச் சொன்னான். அதற்குமேல் சொல்ல முடியாமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பு அட்டைக்காரர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓடீலுக்கு எழுந்துபோய் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது.

"அடுத்தது, பச்சை அட்டை, அதிகாரி ஓடீல் கிலரி, ஆதரவாக," என்றார் குழுத் தலைவர்.

அவள் மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வரிசையாக உட்கார்ந்திருந்த நீலச் சட்டைகளைப் பார்த்தாள். கடைசி வரிசையில் அரசு வக்கீல்.

"ரேமண்ட் எபேரைச் சுட்டவனுக்கு அவர் பேரே தெரியாது. சட்டையைப் பாத்துச் சுட்டான். அதை வெறுப்புன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றதுன்னு எனக்குத் தெரியல," என்று ஆரம்பித்தாள். "எங்கப்பாவைப் பத்தொம்பது வயசுல, பூசை முடிஞ்சு நடந்து வரும்போது சங்கிலியால அடிச்சாங்க. அவங்களுக்கும் அவர் பேர் தெரியாது. தோல் கறுப்பு, அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணான்னு ஆறு வாரமா யோசிக்கிறேன். என் சட்டையை ஆஸ்பத்திரியில ரெண்டு நிமிஷத்துல கத்தரிச்சு எடுத்துட்டாங்க. எங்கப்பாவுக்கு அப்படிக் கத்தரிச்சு எடுக்க ஒண்ணும் இல்ல. அதுக்குமேல எனக்கு யோசனை ஓடல. அது உங்க வேலை. நான் சொல்ல வந்தது வேற."

அவள் இடது கையால் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"என் அறிக்கையில ஒரு வரி இருக்கு. 'இடத்தைப் பாதுகாப்பாக்கினேன்'. நாங்க எல்லாரும் எழுதுற வரிதான், கை தானா எழுதிடும். அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு அதுல இல்ல. முற்றத்துல பெரிய அண்டாவுல தண்ணி கொதிச்சிட்டிருந்துச்சு. உள்ள ஒரு க்ராஃபிஷ்கூட இல்ல, வெறும் தண்ணி. 'அம்மா வந்துட்டிருக்காங்க, பதினஞ்சு பேருக்கு வேகணும்'னார் தெரன். அவங்கம்மா அடக்கத்துக்கு நானே போயிருந்தேன். நான் குனிஞ்சு அடுப்பை அணைச்சேன். அப்பத்தான் அடிச்சார். கத்துனது அதுக்கப்புறம். அந்த அடுப்பைத் தபால்காரர் அணைச்சிருந்தாலும் அடிச்சிருப்பார், பாதிரியார் அணைச்சிருந்தாலும் அடிச்சிருப்பார். நான் அதை எழுதல. அது என் தப்பு."

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தலைவர் கண்ணாடியை இறக்கினார். "அப்போ, அதிகாரி, நீங்க ஆதரவா எதிர்ப்பா? பச்சை அட்டை குடுத்திருக்கீங்களே."

"அது என் கையெழுத்து இல்லைங்க. வெள்ளை அட்டை ஒண்ணு இருக்குல்ல, அதைக் குடுங்க. எழுதக் கொஞ்சம் நேரமாகும்."

அவள் இடது கையால் எழுதி முடிக்கும்வரை சபை காத்திருந்தது.

வெளியே வந்ததும் வக்கீல் கிட்டே வந்தார். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க. அடுப்பைப் பத்தி முழுசா எழுதிக் குடுங்க. எழுத்துல இருந்தா என்னால எதாவது செய்ய முடியும்." உறுதி ஒன்றும் தரவில்லை. ஆனால் தள்ளி நின்ற லியோன்டீன் அதைக் கேட்டுவிட்டு, நடையிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது துக்கத்து அழுகை இல்லை என்று ஓடீலுக்குத் தெரிந்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தோள் கனக்கவில்லை.

வாக்கெடுப்பு சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள். க்ளோவிஸ் நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய் வண்டியில் ஏறினான். அவள் ஏறினாள். பெல்ட்டை இடது கையால் எட்டிப் பிடித்துப் பார்த்தாள், பாதிக்கு மேல் வரவில்லை. அவன் வண்டியைக் கிளப்பினான். பெல்ட் போடு, பெல்ட் போடு என்று வண்டி கத்த ஆரம்பித்தது. அந்தக் கத்தலோடே வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி, கத்தலோடே முதல் சிக்னலுக்கு வந்தார்கள். சிவப்பு விழுந்தது.

அவன் பின்சீட்டிலிருந்து துண்டை எடுத்தான். நாலாக மடித்து அவள் தோளில் வைத்தான். பெல்ட்டை இழுத்துச் செருகினான். க்ளிக்.

"அபராதச் சீட்டு எழுதுற வேலை எனக்கு வேண்டாம்னுதான்," என்றான், சாலையைப் பார்த்தபடி.

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினார்கள். சதுப்புநிலத்தின் மேல் நீளப் பாலம், இரண்டு பக்கமும் தண்ணீரில் நிற்கும் மரங்கள். பாலம் பாதி தாண்டியபோது க்ளோவிஸ் தொண்டையைச் செருமினான்.

"ரேமண்ட் பேரை முதல்ல சொன்னியே. எங்கம்மா கிட்டச் சொல்லணும்."

"சொல்லு."

"உம்மேல இன்னும் கோவம்தான்."

"தெரியும்."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள்.

"இடது கையால அறிக்கை எழுதினா வக்கீல் படிச்சு முடிக்க ஈஸ்டர் ஆயிடும்," என்றான். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?"

"போன் பண்ணிக் கேட்டுச் சொல்றேன்," என்றாள் ஓடீல். பாலம் முடிகிற இடம் தெரிந்தது. அங்கே வலதுபக்கம்தான் அந்தப் பூடேன் கடைக்குத் திரும்புகிற வழி. நேரே போனால் வீடு. அவள் க்ளோவிஸின் கையைப் பார்க்காமல் முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக் என்று வலதுபக்க விளக்கு அடிக்க ஆரம்பித்தது.